சாலு என்றார் பாலையா

1997 ஜனவரி 18, சனி: காத்திருந்தது 5 மணி 10 நிமிடம். குதித்தவர் இல்லை.
1997 பிப்ரவரி 2, ஞாயிறு: காத்திருந்தது 2 மணி 35 நிமிடம். குதித்தவர் 9.
1997 நவம்பர் 8, சனி: காத்திருந்தது 7 மணி. குதித்தவர் இல்லை.
1998 டிசம்பர் 9, புதன்: காத்திருந்தது 8 மணி. குதித்தவர் இல்லை.
1998 டிசம்பர் 10, வியாழன்: காத்திருந்தது 8 மணி. குதித்தவர் இல்லை.
1998 டிசம்பர் 11, வெள்ளி: காத்திருந்தது 8 மணி. குதித்தவர் இல்லை.
1998 டிசம்பர் 12, சனி: காத்திருந்தது 6 மணி 20 நிமிடம். குதித்தவர் இல்லை.
1998 டிசம்பர் 13, ஞாயிறு: காத்திருந்தது 3 மணி 12 நிமிடம். குதித்தவர் 1.
ஆக, காத்திருந்தது 48 மணி 17 நிமிடம். குதித்தவர் 10.

யமுனா என்ற பெண் வரதய்யபாளையத்துக்குத் தெற்கே இருந்த மண் ஓடுபாதைக்கு வந்து, காற்றும் மழையும் மறித்ததால் குதிக்க முடியாமல் காத்துக் கிடந்த நாட்கள் இவை. பாலையா தம் நோட்டின் மற்ற பக்கங்களிலிருந்து இந்த எட்டு நாட்களை மட்டும் பொறுக்கி, கடைசிப் பக்கத்தில் எழுதிக் கூட்டி வைத்திருந்தார். நோட்டு முழுக்கத் தமிழ். எழுத்து மட்டும் தெலுங்கு. அந்த ஆந்திர எல்லையோரக் கிராமத்துத் தமிழர்கள் பலரையும்போல அவரும் வீட்டில் தமிழ் பேசி, பள்ளிக்கூடத்தில் தெலுங்கு எழுத்துப் படித்தவர். அதுவும் ஐந்தாம் வகுப்பு வரைதான்.

பாலையா பிறந்தது 1948 தை மாதம் என்பது அவர் அம்மாவின் கணக்கு. ரேஷன் கார்டில் 1951. நாற்பது வயதுவரை சொந்த நிலம் கிடையாது. பிறகு அரசாங்கம் கொடுத்த ஒன்றரை ஏக்கர் புறம்போக்கில் வேர்க்கடலை போட்டார். அதற்கு முன்னும் பின்னும் கூலி வேலைதான். ஆனால் களத்தில் நெல் தூற்றுவதற்கு அவரைத்தான் தேடி வருவார்கள். காற்று எப்போது எழும், எந்தப் பக்கம் திரும்பும், எத்தனை நேரம் நிற்கும் என்பது அவருக்குக் கன்னத்தில் தெரியும். முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு அரை நாள்கூடச் சும்மா உட்கார்ந்திருப்பார். களத்துக்காரர் திட்டினாலும் எழுந்திருக்க மாட்டார். காற்று வந்ததும் எழுந்து நிற்பார், ஒரே மூச்சில் முடித்துவிடுவார்.

1996 டிசம்பரில் பெங்களூரிலிருந்து ஒரு பறக்கும் கிளப்பைச் சேர்ந்தவர்கள் வந்து, மேய்ச்சல் நிலத்தில் எண்ணூறு மீட்டருக்கு ஓடுபாதை போட்டார்கள். கம்பெனிகளில் கை நிறையச் சம்பளம் வாங்கும் பிள்ளைகள் அப்போது புதிது புதிதாக எதையாவது தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கக் கற்றுக்கொடுக்கும் முகாம் அது. ஊரார் பாராசூட்டைக் குடை என்றார்கள். முதலில் பாலையாவை முள் வெட்டத்தான் கூப்பிட்டார்கள். மூன்றாம் நாள் அவர், "சாயங்காலம் நாலு மணிக்கு காத்து திரும்பும், அந்தக் கூடாரத்த இப்பிடி கட்டாதீங்க" என்றார். கூடாரம் நாலே காலுக்குப் பறந்தது. மறுநாள் அவர் கையில் ஒரு காற்றளவுக் கருவியும் ஒரு கடிகாரமும் ஒரு நோட்டும் இருந்தன.

அந்த வேலையைக் கொடுத்தவர் சுபேதார். ராணுவத்தில் இருபத்தாறு வருடம் பாராசூட்டில் குதித்து ஓய்வு பெற்ற வடநாட்டுக்காரர். முகாமில் எல்லாருக்கும் அவர் சுபேதார் சாப். காற்றின் வேகம் பன்னிரண்டு நாட், அதாவது மணிக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர், தாண்டினால் கற்றுக்குட்டிகள் யாரும் குதிக்கக் கூடாது என்பது அவர் சட்டம். "பைட்டோ" என்பார். உட்கார் என்று அர்த்தம். பணம் கட்டி வந்தவர்கள் முறைப்பார்கள், கெஞ்சுவார்கள், கைக்கடிகாரத்தைத் தூக்கிக் காட்டுவார்கள். அவர் இன்னொரு முறை "பைட்டோ" என்பார். பாலையாவுக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது அதனால்தான்.

இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. சுபேதார் தமிழில் கற்றுக்கொண்டது ஆகும், ஆகாது என்ற இரண்டு சொற்கள். பாலையா இந்தியில் கற்றுக்கொண்டது பைட்டோ, சொல் என்று அர்த்தப்படும் போலோ என்ற இரண்டு. ஒருநாள் மதியம் சாப்பாட்டின்போது சுபேதார் தம் கையாலேயே எல்லாருக்கும் சோறு பரிமாறினார். பாலையாவின் தட்டில் மூன்றாவது கரண்டி விழுந்தபோது அவர் தட்டைக் கையால் மறைத்து, "சாலு சாப், சாலு" என்றார். அந்த ஊரில் தமிழர்களும் போதும் என்பதற்குத் தெலுங்கில் சாலு என்றுதான் சொல்வார்கள். சுபேதாரின் இந்தியில் சாலு என்றால் ஆரம்பி, ஓட்டு, நடக்கட்டும். அவர் சந்தோஷமாக நாலாவது கரண்டி போட்டார்.

"சாலு சாப், சாலு!"

ஐந்தாவது கரண்டி விழுந்தது.

குடை மடிக்கிற சிட்டிபாபு சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனான். "மாமா, நீ வாய மூடினாதான் சாப் நிறுத்துவாரு. இல்லாங்காட்டி குண்டானே காலி ஆயிடும்!" என்று சொல்லிவிட்டு, சுபேதாருக்கு விஷயத்தை விளக்கினான். சுபேதாரும் விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குப் பிறகு முகாமில் அது ஒரு வேடிக்கை. விமானத்தின் என்ஜினைக் கிளப்பும்போதெல்லாம் சுபேதார் பாலையாவைப் பார்த்துக் கண் சிமிட்டி, "சாலு!" என்று கத்துவார்.

விளையாட்டு வேறு, வேலை வேறு என்பதற்காகவே வாக்கிடாக்கியில் பேச மூன்றே ஆங்கிலச் சொற்களை வைத்திருந்தார்கள். குதிக்கலாம் என்றால் கிளியர். கூடாது என்றால் ஹோல்ட், ஹோல்ட், ஹோல்ட் என்று மூன்று தடவை. புரியவில்லை என்றால் ரிப்பீட். அதைப் பேசுகிற வேலை சிட்டிபாபுவுடையது. பாலையா காற்றைப் பார்த்துச் சொல்வார், சிட்டிபாபு வாக்கிடாக்கியில் சொல்வான்.

யமுனா பலமனேர்க்காரி. காய்கறி மண்டி வைத்திருந்த நாராயணசாமியின் ஒரே மகள். பத்தாவதுவரை தெலுங்கு மீடியம், பிறகு என்ஜினீயரிங், பிறகு பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. வயது இருபத்துநாலு. மற்றவர்கள் காத்திருக்கும் நேரத்தில் சீட்டாடுவார்கள். அவள் வந்து பாலையா பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்வாள்.

"பெரிநைனா, காத்துக்கு இன்னா வேணுமாம்?"

"ஒண்ணியும் வேணாமாம். உன்ன பாத்துக்கினு கீதாம்."

"பாத்தது போதும், போவச் சொல்லு."

"நீ சொல்லிப் பாரு, கேக்குதா பாக்கலாம்."

தகப்பனின் அண்ணனைக் கூப்பிடுவதுபோல அவள் அவரைப் பெரிநைனா என்றது முதலில் கேலிக்குத்தான். போகப்போக அதில் கேலி இல்லாமல் போனது. பாலையாவுக்கும் சென்னம்மாவுக்கும் பிள்ளைகள் இல்லை. அவள் வருகிற சனிக்கிழமைகளில் சென்னம்மா கேழ்வரகு அடையை இலையில் சுற்றிக் கொடுத்தனுப்புவாள். "அந்த எளச்ச பொண்ணுக்கு குடு. ஆகாசத்துல போறவ வெறும் வயித்தோட போவக் கூடாது" என்பாள்.

முதல் நிலைப் பயிற்சிக்கு ஐந்து குதி. ஐந்தும் முடித்தால் ஒரு சான்றிதழ். யமுனா இரண்டு வருடத்தில் நாலு குதித்திருந்தாள். அதற்குள் அவளுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தது. 2000ஆம் வருடம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் தேதி குழம்பிவிடும் என்று அங்கே பயந்துகொண்டிருந்தார்கள். அதைச் சரிசெய்ய இங்கிருந்து ஆட்களை அழைத்துக்கொண்டிருந்தார்கள். 1998 டிசம்பர் 16 புதன்கிழமை இரவு அவளுக்குச் சென்னையிலிருந்து விமானம். ஐந்தாவது குதியை முடித்துவிட்டுப் போவதென்று 9ஆம் தேதி காலை ஓடுபாதைக்கு வந்தாள்.

அன்றைக்குத்தான் வங்கக் கடலில் வாயுகுண்டம், அதாவது புயல் சின்னம், என்று தெலுங்கு ரேடியோவில் சொன்னார்கள்.

முதல் நாள் ஏழு பேர் இருந்தார்கள். வடகிழக்குக் காற்று இருபத்திரண்டு நாட். விமானத்தை நாலு கயிறு போட்டுக் கட்டினார்கள். காற்றின் திசை காட்டத் துணிக்குழாய் ஒன்று கம்பத்தில் கட்டியிருக்கும். அது இரும்புத் தடிபோல விறைத்து நின்றது. இரண்டாம் நாள் மழையும் சேர்ந்தது. தகரக் கொட்டகைக்குள் ஒருவர் பேசினால் மற்றவருக்குக் கேட்கவில்லை. குதிக்கும் இடத்தைக் காட்ட மைதானத்தில் ஆரஞ்சுத் துணிகள் இரண்டைக் குறுக்கும் நெடுக்குமாக விரிப்பார்கள். கூட்டல் குறிபோல இருந்தால் குதிக்கலாம்; ஒரு துணியை எடுத்துவிட்டால் கூடாது. காற்று அந்தத் துணிகளை இரண்டு தடவை பிய்த்துக்கொண்டு போனதால், பாலையா எட்டு முளை அடித்து இழுத்துக் கட்டினார். மூன்றாம் நாள் நாலு பேர் பஸ் ஏறிப் போய்விட்டார்கள். நாலாம் நாள், நகரி நெசவுக் குடும்பத்திலிருந்து பெங்களூர் வேலைக்குப் போயிருந்த ஜெயச்சந்திரன் என்ற பையனும் அவன் நண்பனும் மூட்டை கட்டினார்கள்.

போகும்போது ஜெயச்சந்திரன் பாலையாவைப் பார்த்து, "எல்லாம் இந்தப் பெரியவரு வேல. காத்த இடுப்புல முடிஞ்சி வெச்சிக்கினு கீறாரு. அவுக்க மாட்டேன்றாரு" என்றான்.

"அவுத்தா உன் வேட்டிதான் மொதல்ல பறக்கும் நைனா" என்றார் பாலையா.

யமுனா மட்டும் தங்கினாள். சனிக்கிழமை பகல் ஒன்று இருபதுக்கு சுபேதார் அன்றைய காத்திருப்பை முடித்தார். சிட்டிபாபு மகளுக்கு மொட்டை போட வேண்டுதல் இருந்தது. நாலு நாளாக ஒத்திப்போட்டுக்கொண்டிருந்தான். மாலையில் குடும்பத்தோடு கிளம்பினான். திருப்பதி அலிபிரியிலிருந்து படியேறி மலைக்கு நடந்து போவதாகத் திட்டம். "நான் இல்லாத அன்னிக்குத்தான் உனக்கு வெயிலு காயும் பாரு மாமா" என்று யமுனாவுக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, வாக்கிடாக்கியை பாலையாவின் கையில் கொடுத்தான். "ஹோல்ட். மூணு வாட்டி. சொல்லு பாக்கலாம்."

"ஹோல்ட், ஹோல்ட், ஹோல்ட்."

"இங்கிலீஷ்காரன் தோத்தான் போ."

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. பாலையா இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் அளந்து எழுதினார். ஏழு மணிக்குப் பதினேழு நாட். எட்டுக்குப் பதினாலு. ஒன்பதுக்குப் பதிமூன்று. ஒன்பது நாற்பதுக்கு ஒன்பது. யமுனாவின் பை கட்டித் தயாராக இருந்தது. பதினோரு மணிக்கு அவள் அப்பா வரதய்யபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியோடு வருகிறார். வந்தால் பலமனேர், பிறகு சென்னை, பிறகு அமெரிக்கா. சுபேதார் வந்து நின்றார்.

"போலோ பாலையா. ஆகும்? ஆகாது?"

"ஒம்போது நாட் சாப்." பாலையா மேற்கே பார்த்தார். கன்னத்தில் ஏதோ சரியில்லை. காற்று குறைந்த விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. அது போனதுபோல இல்லை, பதுங்கியதுபோல இருந்தது. வாயுகுண்டம் வடக்கே கரையேறியிருந்தால் காற்று மேற்கே திரும்பி வரும். "இன்னும் ஒரு மணி நேரம் பாக்கலாம்னு தோணுது சாப்" என்றார். யமுனாதான் அதை இந்தியில் சொல்ல வேண்டியிருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. பாலையாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பெரிநைனா, இன்னும் ஒரு மணி நேரம்னா நைனா வந்துடுவாரு. அவருக்கு நான் குதிக்கிறதே தெரியாது. கம்ப்யூட்டர் வகுப்புன்னு சொல்லிக்கினு கீறேன்."

பாலையா மறுபடியும் கருவியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"அஞ்சு நாளா நீ உக்காருன்னா உக்காந்தேன். ஒரு நாளாவது எதுத்துப் பேசினேனா?"

அவள் எதிர்த்துப் பேசவில்லைதான். அந்த ஐந்து நாளில் மற்ற ஆறு பேரும் அவரைத் திட்டியிருந்தார்கள். அவள் மட்டும் திட்டவில்லை. களத்தில் முறத்தோடு உட்கார்ந்தவரை எந்த முதலாளியும் எழுப்ப முடிந்ததில்லை. அந்தப் பெண் எழுப்பிவிட்டாள்.

"ஏறட்டும் சாப். ஆகும்" என்றார். "நான் கீழ கீறேன். காத்து திரும்பிச்சின்னா சொல்றேன்."

ஒன்பது ஐம்பத்தேழுக்கு விமானம் கிளம்பியது. உள்ளே ஓட்டுபவர், சுபேதார், யமுனா மூவர் மட்டும். பத்து மணிக்குக் காற்று இரண்டு நாட். துணிக்குழாய் துவண்டு தொங்கியது. விமானம் சுற்றிச் சுற்றி மேலேறியது.

பத்து ஒன்பதுக்கு மேற்கிலிருந்து காற்று ஒரே அடியாக அடித்தது. அடித்த வேகத்தில் துணிக்குழாய் ஒரு சுற்றுச் சுழன்று கம்பத்தோடு சுற்றிக்கொண்டது. ஈரத்துணி, அவிழவில்லை. மேலிருந்து பார்ப்பவருக்குக் காற்றே இல்லாததுபோலத் தெரியும். பாலையா கருவியைப் பார்த்தார். பத்தொன்பது நாட். ஆரஞ்சுத் துணியை நோக்கி ஓடினார். நூற்றைம்பது அடி. முதல் முளையைப் பிடுங்கினார், இரண்டாவது வரவில்லை. மூன்று நாள் மழையில் முளை ஊறி மண்ணில் இறுகியிருந்தது. தலைக்கு மேலே விமானத்தின் சத்தம் குறைந்தது. குதிக்கும் முன்பு என்ஜினைத் தணிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

வாக்கிடாக்கியை வாயில் வைத்து அழுத்தினார். இரண்டு வருடமாக ஆயிரம் தடவை கேட்டிருந்த அந்த ஆங்கிலச் சொல் நாக்குக்கு வரவில்லை. வந்தது அவருடைய சொல்தான்.

"சாலு சாப்! சாலு! சாலு!"

பத்து பன்னிரண்டுக்குக் குடை விரிந்தது. வெள்ளையும் சிவப்பும்.

கற்றுக்குட்டிகளுக்குக் கொடுக்கிற வட்டக் குடையை இஷ்டத்துக்குத் திருப்ப முடியாது. காற்று கொண்டுபோகிற இடத்துக்குத்தான் போகும். அது ஓடுபாதையைத் தாண்டியது, சவுக்குத் தோப்பைத் தாண்டியது, ஒன்றரைக் கிலோமீட்டர் கிழக்கே ஏரிக்கரையில் கொட்டிய கருங்கல் மேல் இறங்கியது. இறங்கிய பிறகும் குடை சுருங்காமல் அவளைக் கரையோரமாக இழுத்துக்கொண்டு போனது. நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் சேற்றோடு ஓடிவந்து குடையின் மேல் விழுந்து அமுக்கினார்கள். பாலையா ஓடிப்போய்ச் சேர்ந்தபோது பத்து இருபத்தாறு. அவள் கண் திறந்திருந்தது. அவரைப் பார்த்தாள்.

வேலூர் ஆஸ்பத்திரியில் நாலு மாதம் கிடந்தாள். இடுப்பெலும்பு மூன்று இடத்தில் முறிந்திருந்தது. நடக்க ஆரம்பித்தபோது வலது கால் ஒன்றரை அங்குலம் குட்டை. அமெரிக்க வேலைக்கு வேறொருவர் போய்விட்டார். பாலையா இரண்டு தடவை வேலூருக்குப் போனார். இரண்டு தடவையும் வார்டு வாசலில் நாராயணசாமி நின்றிருந்தார். முதல் தடவை அவர் திட்டினார். இரண்டாம் தடவை கையெடுத்துக் கும்பிட்டு, "போய்டுய்யா. உன்ன பாத்தா என் வயிறு எரியுது" என்றார். சென்னம்மா கொடுத்தனுப்பிய அடையோடு பாலையா திரும்பி வந்தார்.

1999 ஜனவரி 21 அன்று திருப்பதியில் விசாரணை நடந்தது. அதிகாரி தெலுங்கில் கேட்டார், பாலையா தெலுங்கில் பதில் சொன்னார். என்ன சொன்னீர்? சாலு என்று சொன்னேன். அதிகாரி போதும் என்பதற்கான ஆங்கிலச் சொல்லை எழுதிக்கொண்டார். அடுத்து சுபேதாரை இந்தியில் கேட்டார். என்ன கேட்டது? சாலு என்று கேட்டது. அதிகாரி ஆரம்பி என்பதற்கான ஆங்கிலச் சொல்லை எழுதிக்கொண்டார். ஒரே சத்தம், ஒரே தாளில் இரண்டு சொல்லாக உட்கார்ந்தது.

பிறகு அதிகாரி சுபேதாரிடம், குதிப்பதற்கான அடையாளமாக அந்தப் பெண்ணின் தோளைத் தட்டினீரா என்று கேட்டார். தட்டக் கையைத் தூக்கினேன். தட்டினேனா, அதற்குள் அவள் குதித்துவிட்டாளா என்று சத்தியமாக நினைவில்லை என்றார் சுபேதார். பொய் சொல்கிற மனிதர் இல்லை அவர். வெளியே வந்து பாலையாவின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் இந்தியில் சொன்னது பாலையாவுக்குப் புரியவில்லை. அன்று மாலை ரயிலேறினார். அதற்குப் பிறகு அவரைப் பற்றித் தகவல் இல்லை. முகாமை மூடிவிட்டார்கள்.

யாரும் பாலையாவைக் குற்றம் சொல்லவில்லை. இரண்டு பாஷைக்கு இடையில் நடந்த தவறு என்று அறிக்கை முடிந்தது. ஆனால் அவருக்கு ஒரே ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். தட்டிக் குதித்தாளா, தட்டாமல் குதித்தாளா? தட்டிய பிறகு குதித்திருந்தால் அவளைக் கீழே தள்ளியது அவருடைய சொல். தட்டும் முன்பே குதித்திருந்தால் அவர் சொல் காற்றோடு போன வெறும் சத்தம். அதை அறிந்தவள் அவள் ஒருத்திதான்.

1999 ஆகஸ்ட் 22 அன்று முதல் கடிதம் எழுதினார். தெலுங்கு எழுத்தில் தமிழ். நலம் விசாரித்து, மழை எப்படி என்று எழுதி, கடைசியில் அந்தக் கேள்வி. பதில் இல்லை. 2001 ஜனவரி 7 அன்று இரண்டாவது. பதில் இல்லை. சென்னம்மாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"இன்னா யா இது, நொண்டியாப் போன பொண்ண போட்டு நோண்டிக்கினு கீற? அவளே மறந்துருப்பா."

"மறக்க மாட்டா."

"மறந்தா உனக்கு இன்னா நஷ்டம்?"

களத்தில் அவரை இப்போதும் தூற்றக் கூப்பிட்டார்கள். போனார். ஆனால் காற்று எப்போது வரும் என்று யாராவது கேட்டால், "எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிடுவார். தெரியும் என்று எல்லாருக்கும் தெரியும். அவராகச் சொல்ல மாட்டார். கதிரடிக்கும் மெஷின் வந்த பிறகு கேட்பதற்கும் ஆளில்லை.

2004இல் யமுனா அமெரிக்கா போனாள் என்ற செய்தியைச் சிட்டிபாபு கொண்டுவந்தான். அவன் அப்போது பலமனேர் மண்டிகளிலிருந்து சென்னைக்குத் தக்காளி வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். நாராயணசாமியின் மண்டிக் கணக்குப்பிள்ளையிடம் பேசி விலாசத்தையும் ஒரு சீட்டில் எழுதி வாங்கி வந்திருந்தான். "மாமா, இதுதான் கடசி. இனிமே என்ன கேக்காத. அந்த ஞாயித்துக்கெழம மொட்ட போடப் போனவன் நான். எனக்கும் மனசுன்னு ஒண்ணு கீது" என்றான். அதுவரை அவனும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

மூன்றாவது கடிதத்துக்குப் பதில் வந்தது. 2005 பிப்ரவரி 18. அதே தெலுங்கு எழுத்தில் தமிழ். பெரிநைனாவுக்கு என்று ஆரம்பித்திருந்தாள். நன்றாக இருக்கிறாளாம். நியூஜெர்சியில் பனி கொட்டினால் விமானமெல்லாம் நாள் கணக்கில் நின்றுவிடுமாம். ஜனங்கள் கத்துவார்களாம். தனக்கு மட்டும் பழக்கம் என்பதால் ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்துவிடுவாளாம். கேள்விக்குப் பதில் இல்லை. நாலாவது கடிதத்துக்கு 2006 நவம்பர் 3 அன்று பதில் வந்தது. கல்யாணம் ஆகிவிட்டது, சென்னம்மாவுக்கு வணக்கம் சொல்லச் சொன்னாள். கேள்விக்குப் பதில் இல்லை.

அதற்குள் ஓடுபாதையும் அதைச் சுற்றியிருந்த நிலமும், பாலையாவின் ஒன்றரை ஏக்கர் உட்பட, ஒரு தொழிற்பேட்டைக்குப் போயிருந்தது. துணிக்குழாய்க் கம்பம் நின்ற இடத்தில் ஒரு தொழிற்சாலை சுவர் எழுப்பியது. அதன் வாசலிலேயே பாலையாவுக்கு வாட்ச்மேன் வேலை கிடைத்தது. வருகிற லாரியின் எண்ணையும் நேரத்தையும் எழுத வேண்டும். எழுதினார். ஐந்தாவது கடிதத்தை அந்த வாசலில் உட்கார்ந்துதான் எழுதினார். இந்தத் தடவை நலம் விசாரிக்கவில்லை, மழை இல்லை. ஒரே வரி: "பாப்பா, தட்டினாரா, இல்லையா? எனக்கு வயசாகிக்கினு வருது."

பதில் நாலு மாதம் கழித்து வந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். சென்னம்மாவுக்கு எழுத்து தெரியாது என்பதால் சத்தமாகப் படித்தார்.

"பெரிநைனா, இத்தனை வருஷம் சொல்லாம இருந்ததுக்கு என்ன மன்னிச்சிடு. என் தப்ப ஒத்துக்க எனக்கு மனசு வரல. சுபேதார் சாப் என்ன தட்டவே இல்ல. கதவாண்ட உக்காந்தப்ப நான் கீழ பாத்தேன். துணிக்குழாய் மேக்கேர்ந்து கெழக்கால வெறச்சி நின்னுக்கினு இருந்தத என் கண்ணால பாத்தேன். காத்து கெட்டுப்போச்சின்னு எனக்குத் தெரியும். நீ எப்பிடியும் நிறுத்திடுவேன்னும் தெரியும். அதுக்கு முன்னாடி குதிச்சிடணும்னு அவரு கை வர்றதுக்குள்ள குதிச்சிட்டேன். உன் சொல்லுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நான் பொறுக்காம செஞ்சது. இத நெனச்சிக்கினு நீ ஒரு ராத்திரியும் தூக்கத்தக் கெடுத்துக்காத."

சென்னம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். அழுது முடித்துவிட்டு அவரைத் திட்டினாள். "பாத்தியா யா! நான் தலபாடா அடிச்சிக்கினேனே, கேட்டியா? ஒம்போது வருஷம். சோறு துன்னும்போதுகூட அந்த வார்த்தைய சொல்ல மாட்ட. கைய மட்டும் காட்டுவ. நான் கவனிக்கலேன்னு நெனச்சிக்கினியா? உம்மேல ஒண்ணும் இல்லியாம். அவளே எழுதிட்டா!"

"ஆமா" என்றார் பாலையா.

"அப்பால இன்னா? சிரியேன்!"

சிரித்தார். மடிப்பு மாறாமல் கடிதத்தை மடித்தார். துணிக்குழாய் அந்த நேரத்தில் கம்பத்தோடு சுற்றிக்கொண்டு கிடந்தது என்பது அவருக்கு மட்டும் தெரியும். அதிகாரி அதைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மறுநாள் ஏணி வைத்து ஏறி, அவரேதான் அதைப் பிரித்தெடுத்தார். விறைத்து நின்றதை அவள் பார்த்திருக்க முடியாது. காற்று மேற்கிலிருந்து வந்ததை அவளுக்குச் சொன்னது அவள் விழுந்த ஏரிக்கரை. மீதியை அவளே யோசித்து எழுதியிருக்கிறாள். அப்படி யோசிக்க அவளுக்கு நாலு மாதம் ஆகியிருக்கிறது. தட்டாமல் குதித்திருந்தால் இதற்கெல்லாம் அவசியம் இல்லை. அதை 1999இலேயே ஒரே வரியில் எழுதியிருப்பாள்.

சென்னம்மா அடுப்பைப் பற்ற வைத்து, ரொம்ப நாளைக்குப் பிறகு, பாயசம் வைப்பதாகச் சொன்னாள். வெல்லம் இருக்கிறதா என்று டப்பாவைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பாலையா அவளிடம் எதுவும் சொல்லவில்லை. யமுனாவுக்கும் அதை எழுதவில்லை. மறுநாள் ஒரு கார்டில், உன் கடிதம் கிடைத்தது, மனசு லேசாச்சு, உடம்பைப் பார்த்துக்கொள் என்று மட்டும் எழுதிப் போட்டார். அதற்குப் பிறகு அவளிடமிருந்து கடிதம் வரவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

கடிதம் வந்த அன்று இரவே பெட்டியிலிருந்து நோட்டை எடுத்திருந்தார். கடைசிப் பக்கத்தில், 48 மணி 17 நிமிடத்துக்குக் கீழே, இரண்டு விரற்கடை இடம் மிச்சம் இருந்தது. கடிதத்தில் இருந்ததை அதில் எழுதவில்லை. நடக்காததை அவர் என்றைக்கும் எழுதியதில்லை. கடிதம் வந்த தேதியை மட்டும் எழுதினார்: 2008 மார்ச் 14, வெள்ளி.